ரூயிஸ்மாவுக்குக் குடிவந்த ஏரி

ஏரி எங்க ஊருக்குக் குடிவந்தது மே மாசத்துல ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில ஏழு பத்துக்கு. நேரத்தை இவ்வளவு கறாரா எப்படிச் சொல்லுதேன்னா, அதை முதல்ல பார்த்தவ நான்தான். வீடு வீடாப் போய் முடியாதவங்களைக் கவனிக்கிற நர்ஸ் வேலை எனக்கு. ஏழே காலுக்கு தாவெத்தி அண்ணனுக்கு மாத்திரை கொடுக்கணும்னு, ஊராட்சி கொடுத்த வெள்ளைக் காரை எடுத்துக்கிட்டு நகரத்து ரோட்டுல போய்க்கிட்டு இருந்தேன். எதிர்ல அது வந்துச்சு. நடுரோட்டுல இல்ல, ஓரமா, சைக்கிள் பாதையில, யாருக்கும் இடைஞ்சல் இல்லாம, ஈரத்தரையில பாவாடையைத் தூக்கிப் பிடிச்சு நடக்கிற பொம்பளை மாதிரி கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, தன்னோட மீனு, அல்லிக்கொடி, ரெண்டு அன்னம், பலகையில செஞ்ச குதிமேடை, எந்தக் காலத்துலயோ யாரோ தள்ளிவிட்ட ஒரு சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி, அத்தனையையும் சுமந்துக்கிட்டு நகரத்துல இருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர் நடந்தே வந்துச்சு. ரயில்வே கேட்டுல சிவப்பு விளக்கு எரிஞ்சது, நின்னுச்சு. விளக்கு அணைஞ்சது, வந்துச்சு. நான் காரை ஓரங்கட்டி வழிவிட்டேன். போற போக்குல கார் கண்ணாடியில நாலு சொட்டு தெறிச்சுச்சு, அவ்வளவுதான்.

வந்த ஏரி கடைத்தெருவைத் தாண்டி, சர்ச்சைத் தாண்டி, கெர்த்து அக்காவோட பதினெட்டு ஹெக்டேர் கம்பு வயல்கிட்ட வந்ததும் நின்னு, ஒருக்கா சுத்திப் பார்த்து, அப்படியே படுத்துக்கிடுச்சு. கம்புன்னா நம்ம ஊர்க் கம்பு இல்ல. இங்க கறுப்பு ரொட்டி சுடுற தானியம், ரூயிஸ்னு பேரு. அதுக்கு வேற பேரு என் வாயில வரல, கம்புன்னே வச்சுக்கிடுங்க. பச்சையா முழங்கால் உசரத்துக்கு நின்ன பயிரு, ஒரு நிமிஷத்துல தண்ணிக்குக் கீழ போயிட்டு.

நீங்க இப்ப "அது எப்படிம்மா ஏரி நடக்கும்"னு கேப்பிய. எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல ஒருத்தரும் அதைக் கேக்கல. கேக்க அவங்களுக்கு நேரமில்ல, அவ்வளவு பெருமையில இருந்தாவ.

பெருமைக்குக் காரணம் இருக்கு. நான் பிறந்தது நாசரேத் பக்கம், பேரு பொன்மலர். வேலைக்குன்னு பின்லாந்து வந்து இந்த ரூயிஸ்மாவுல குடியேறி ரெண்டு வருஷந்தான் ஆச்சு. ஆனா வந்த முதல் வாரமே அவங்க வெக்கம் என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்த தேசத்துல எங்க திரும்பினாலும் ஏரி. சில்லறையை அள்ளி வீசின மாதிரி தேசம் பூரா ஏரி. எங்க ரூயிஸ்மாவுல மட்டும் ஒண்ணு கிடையாது. களிமண்ணு, வயலு, வாய்க்கா, திரும்பவும் களிமண்ணு. பின்லாந்துல ஏரி இல்லாத ஊருன்னா, திருச்செந்தூர்ல கடல் இல்லைன்னு சொல்லுத மாதிரி. பக்கத்து ஊர்க்காரன் "உங்க ஊர்ல குளிக்கணும்னா பக்கெட்டைத் தூக்கிட்டு வரணுமோ"ம்பான். எங்க ஆளுங்க பதில் பேசாம காப்பி குடிப்பாவ.

அது போதாதுன்னு நாப்பது வருஷமா எல்லாமே நகரத்துக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. முதல்ல பிரசவ ஆஸ்பத்திரி போச்சு. பெறகு பேங்க் போச்சு, போஸ்ட் ஆபீஸ் போச்சு, மேல்நிலைப் பள்ளிக்கூடம் போச்சு, படிச்ச பிள்ளைங்க போச்சு, பிள்ளைங்களைத் தேடி அம்மாமார் போனாவ, அம்மாமாரைத் தேடி நாய்கூடப் போச்சு. கடைசியில ஊரையே நகரத்தோட சேர்த்துரலாம்னு வருஷத்துக்கு ஒருக்கா கடிதாசி வரும், வருஷத்துக்கு ஒருக்கா எங்க மன்றம் வேண்டாம்னு எழுதி அனுப்பும். மிச்சம் இருந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து ஆறு பேரு. அப்படிப்பட்ட ஊருக்கு, நகரத்துல இருந்து, கூப்பிடாம, தன் காலால ஒண்ணு வந்துருக்குன்னா பெருமை வராம என்ன செய்யும்? எனக்கே நெஞ்சு விம்மிட்டு. ஆத்தாடி, வாடியம்மான்னு சொல்லணும்போல இருந்துச்சு.

ஊராட்சி மேலாளர் ஓஸ்மோவுக்குப் போன் போட்டேன். ஒல்லியான மனுஷன், எப்பவும் ஒரே நீலத் தொப்பி, பேச்சுக்கு முன்னால ரெண்டு தடவை தொண்டையைச் செருமுவாரு.

"ஓஸ்மோ, நகரத்து சொர்சா ஏரி நம்ம ஊருக்கு வந்துருக்கு," ன்னேன்.

அந்தப் பக்கம் ரெண்டு செருமல். பெறகு கேட்டாரு: "நிரந்தரமாவா, தற்காலிகமாவா?"

இதுதான் எங்க ஊரு! வீடு மாறினவங்க ஒரு வாரத்துக்குள்ள விலாசம் எழுதிக் கொடுக்கணும். ஏரிக்கும் அதே ஃபாரம்தான். ஓஸ்மோவே கரையில உக்காந்து நிரப்பினாரு. பேரு: சொர்சா. பழைய விலாசம்: நகரம், வணிக வளாகத்துக்குப் பின்னால. புது விலாசம்: ரூயிஸ்மா. உடன் வருபவர்ங்கிற இடத்துல மீனு எத்தனைன்னு தெரியாததால "குடும்பத்தோடு"ன்னு எழுதினாரு. கையெழுத்துக்குக் காகிதத்தைத் தண்ணியோரம் நீட்டினாரு, ஏரி வந்து கீழ்மூலையில வட்டமா நனைச்சுட்டுப் போச்சு. அந்தக் காகிதம் இன்னைக்கும் அலுவலகத்துல கண்ணாடிச் சட்டத்துக்குள்ள தொங்குது.

அந்த மாசக் கடைசியில வரவேற்பு மாலை வச்சோம். புதுசா குடிவந்தவங்களுக்கு ஊராட்சி காப்பியும் ஏலக்கா போட்ட பன்னும் கொடுத்து, ஊர் வரைபடமும் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸும் கொடுக்கிறது வழக்கம். நான் வந்த வருஷம் அந்தக் கூட்டத்துக்கு நான் ஒருத்திதான், என் வீட்டுக்காரர் ஜெபசிங் சளிப் பிடிச்சுப் படுத்துட்டாரு. இந்தத் தடவை ஊரே திரண்டுட்டு. சாக்ஸைக் குதிமேடையில கட்டித் தொங்கவிட்டாவ. நான் நூத்தியிருபது உளுந்த வடை சுட்டுக்கொண்டு போனேன், எல்லாரும் ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பார்த்துட்டுத் தின்னாவ.

அதுக்குப் பெறகு ஊர் நின்ன இடத்துல நிக்கல. இங்க தல்கோத்னு ஒரு பழக்கம் உண்டு. யாரும் யாருக்கும் கூலி கொடுக்காம, கூப்பிடாம, ஆளாளுக்குச் சுத்தியலையும் ரம்பத்தையும் எடுத்துக்கிட்டு வந்து சேர்ந்து வேலை பார்த்துட்டுப் போறது. அப்படித் தல்கோத் போட்டு ஒரு சனிக்கிழமையில படித்துறை கட்டினாவ, அடுத்த சனிக்கிழமையில தண்ணியோரம் கல்லைச் சூடாக்கி ஆவியில குளிக்கிற சாவுனா அறை கட்டினாவ, அதுக்கடுத்த சனிக்கிழமையில படகு கட்ட முளை அடிச்சாவ. இருபது வருஷம் தீயணைப்பு வண்டி ஓட்டின ஆளு அறுபது வயசுல மிதக்கக் கத்துக்கிட்டாரு, கத்துக்கிட்டு மேல வந்தப்ப குழந்தை மாதிரி அழுதாரு. ஊர் எல்லையில "ரூயிஸ்மா"ங்கிற பலகைக்குக் கீழ "ஏரி உண்டு"ன்னு சேர்த்தாவ. ஊர்ச் சின்னத்துல ஒத்தைக் கதிர்தான் இருந்துச்சு, அதுக்குக் கீழ அலை போடணும்னு முடிவாச்சு. ஒரு அலையா ரெண்டு அலையாங்கிறதுக்கு மட்டும் மூணு கூட்டம் நடந்துச்சு. பக்கத்து ஊர்க்காரன் வேடிக்கை பார்க்க வந்தா, எங்க ஆளுங்க கையில காப்பியைக் கொடுத்துட்டு ஒண்ணும் பேசாம தண்ணியையே பார்த்துக்கிட்டு நிப்பாவ. அதைவிட அவனை என்ன செய்யணும்?

இதுக்கு நடுவுல கெர்த்து அக்கா.

அக்காவுக்கு அறுபத்தொண்ணு வயசு, கல்யாணம் ஆகல, டிராக்டர் அவங்களே ஓட்டுவாவ. இங்க மந்திரியைக்கூடப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாவ, என் வாய்க்கு அது வராது. அக்கான்னேன், அவங்களும் பழகிட்டாவ. அவங்க தம்பிதான் தாவெத்தி அண்ணன். மூளையில நரம்பு வெடிச்சு ஒரு பக்கம் விழுந்து, பேச்சுல பாதிக்கு மேல போயிட்டு. காலையும் சாயந்தரமும் அந்த வீட்டுக்கு நான் போறவ. அந்தப் பதினெட்டு ஹெக்டேரும் ஒரு காலத்துல வெறும் சதுப்பு. இருபது வருஷம், வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா, அக்கா தன் கையால பள்ளம் தோண்டி, மண்குழாய் பதிச்சு, தண்ணியை ஓடைக்கு அனுப்பி அனுப்பி அதை வயலாக்கியிருக்காவ. இருபது வருஷம் தண்ணியை வெளிய அனுப்பின பொம்பளை வயல்லதான் ஏரி வந்து படுத்துச்சு.

அக்கா ஒண்ணும் சொல்லல. காலையில வாசப்படியில நின்னு தண்ணியைப் பார்ப்பாவ. பெறகு உள்ள போயிருவாவ. டிராக்டர் கொட்டகைக்குள்ள அப்படியே நின்னுச்சு. தல்கோத்துக்கு வந்தவங்க தூரத்துல இருந்து தலையை அசைப்பாவ, அக்காவும் தலையை அசைப்பாவ.

இங்கதான் எங்க ஊரோட குணத்தைச் சொல்லணும். ரூயிஸ்மாக்காரங்க கேக்க மாட்டாவ. ஒருத்தரைக் கேள்வி கேட்டா அவரை முட்டுச்சந்துல நிறுத்துன மாதிரின்னு அவங்களுக்கு எண்ணம். கேட்டா அந்த ஆளு இல்லைன்னு சொல்லவும் முடியாம ஆமான்னு சொல்லவும் மனசில்லாம தவிப்பானே, அந்தத் தவிப்பை எதுக்குக் கொடுக்கணும்? வேண்டாம்னா அவனே சொல்லிருவான். சொல்லலைன்னா சரின்னு அர்த்தம். இது மரியாதை. நான் எந்த ஊர்க்காரி? பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவ கிட்ட, என்ன சம்பளம், எத்தனை பிள்ளை, ஏன் ரெண்டாவது பெறலன்னு மூணு ஸ்டாப்புக்குள்ள கேட்டு முடிக்கிற ஊரு. அந்த வாயைக் கட்டிக் கட்டி, ரெண்டு வருஷத்துல நானும் கேக்காம இருக்கப் பழகிட்டேன். "நீ நம்மாளு ஆயிட்டே"ன்னு ஓஸ்மோ ஒருநாள் சொன்னாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஜெபசிங்கிட்ட நாலு தடவை சொல்லிக் காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஜூன் நடுவுல நகரத்துல இருந்து கடிதாசி வந்துச்சு. ரொம்ப மரியாதையான கடிதாசி. ஏரியைத் திருப்பித் தரணும், அங்க ஏரியைப் பார்த்தபடி வீடு வாங்கின ஆயிரம் குடும்பம் இப்ப சேத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு, பம்பும் லாரியும் தயார். ஏரி யாரோட நிலத்துல கிடக்கோ அவங்க கையெழுத்துப் போட்டாப் போதும். வெள்ளிக்கிழமை எங்க இன்ஜினியர் ரஸ்முஸ் நேர்ல வந்து வாங்கிக்கிடுவாரு. அப்படி எழுதியிருந்துச்சு.

ஓஸ்மோ அதைப் படிச்சுட்டுச் சிரிச்சாரு. "கெர்த்துவாவது கையெழுத்துப் போடுறதாவது. அவ நம்ம ஊர்க்காரி." எல்லாரும் தலையை ஆட்டினாவ. நானும் ஆட்டினேன்.

புதன்கிழமை சாயந்தரம் தாவெத்தி அண்ணனைக் குளிப்பாட்டிப் படுக்க வச்சுட்டு அடுக்களைக்கு வந்தா, அக்கா காப்பியை வச்சுக்கிட்டு குடிக்காம உக்காந்துருக்காவ. மேசையில நகரத்து முத்திரையோட ஒரு காகிதம். பக்கத்துல பேனா. ரெண்டு வருஷம் கட்டி வச்ச வாயி அன்னைக்கு அவுந்துபோச்சு.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"உங்க வயல்ல ஏரி கிடக்கே. உங்களுக்குச் சம்மதமா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாவ. கண்ணு ரெண்டும் கலங்கிட்டு.

"முப்பது நாள் ஆச்சுட்டி பொன்மலரு. படித்துறை கட்டுனிய, சாவுனா கட்டுனிய, என் நிலத்துல முளை அடிச்சிய. என் வயல்ல நின்னுக்கிட்டு எனக்கே காப்பி ஊத்திக் கொடுத்திய. ஒருத்தராவது கேட்டியளா? நகரத்துல இருந்து அந்த ரஸ்முஸ் பய போன வாரமே தனியா வந்து, இதே நாற்காலியில உக்காந்து, உங்களுக்கு இதுல என்ன விருப்பம்னு கேட்டான். அவன்தான் முதல்ல கேட்டது. நீ ரெண்டாவது."

"நீங்க சொல்லியிருக்கலாமேக்கா."

"கேக்காம எப்படிச் சொல்ல?"

அவங்களும் ரூயிஸ்மாக்காரிதானே. யாராவது கேப்பாவன்னு முப்பது நாள் வாசப்படியில நின்னுருக்காவ, வேண்டாம்னா சொல்லுவாவன்னு நாங்க முப்பது நாள் நீச்சல் அடிச்சிருக்கோம்.

"ஏரி மேல கோவமாக்கா?"

"ஏரி மேல என்ன கோவம்? அதாச்சும் சைக்கிள் பாதையில ஒதுங்கி வந்துச்சு. நீங்கதான் நேரா ஏறி வந்திய. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுதேன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்."

வெளிய வந்து கார்ல உக்காந்து அழுதேன். அடுத்தவங்களுக்காக இல்ல, எனக்காகத்தான் அழுதேன். கேக்கத் தெரிஞ்சவ அந்த ஊர்லயே நான் ஒருத்திதான். அந்த வாயை வச்சுக்கிட்டு நம்மாளு ஆயிட்டோம்ங்கிற பெருமையில நூத்தியிருபது வடை சுட்டுக்கிட்டு இருந்திருக்கேன், மூதி.

நேரா ஊராட்சி அலுவலகம். உள்ள அலை ஒண்ணா ரெண்டாங்கிற கூட்டம், மன்றம் முழுசா உக்காந்துருக்கு. கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போனேன்.

"எய்யா ஓஸ்மோ, கெர்த்துக்காகிட்ட யாராவது கேட்டியளா?"

"என்ன கேக்க?"

"அவங்க நிலத்துல ஏரி இருக்கலாமான்னு!"

நான் சத்தம் போட்டதுக்கே பாதிப்பேரு மேசையைக் குனிஞ்சு பார்த்தாவ. பெறகு அந்தக் கேள்வி ஒவ்வொரு ஆளா இறங்குச்சு. படித்துறைக்குப் பலகை கொடுத்தவன் முகம் செவந்துச்சு. சாவுனாவுக்குக் கல்லு சுமந்தவ ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா. ஓஸ்மோ தொப்பியைக் கழத்தி மேசையில வச்சாரு. அந்தத் தொப்பி இல்லாம நான் அவரைப் பார்த்ததே இல்ல, பாவம், மொட்டை.

"கேக்கணும்," ன்னாரு.

"யாரு கேக்க? நீங்களா?"

ரெண்டு செருமல். "எல்லாருந்தான் குளிச்சோம். எல்லாரும் கேக்கணும்."

வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு கெர்த்து அக்கா கதவைத் திறந்தா, முற்றத்துல வரிசை நிக்கு. இந்த ஊர்ல வரிசைன்னா ஆளுக்கு ஆளு ரெண்டு மீட்டர் இடைவெளி, அதுக்குக் குறைஞ்சா மூச்சு முட்டும் அவங்களுக்கு. அப்படி நின்ன வரிசை முற்றத்தைத் தாண்டி, கொட்டகையைத் தாண்டி, ஏரியோரமாப் போயி, சர்ச்சைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, எல்லைப் பலகை வரைக்கும் போச்சு. பேங்க் போனப்ப வராத வரிசை, பள்ளிக்கூடம் போனப்ப வராத வரிசை, அன்னைக்கு வந்துச்சு. கைப்பிள்ளைக்காரி பிள்ளையோட, கம்பு ஊன்றவரு கம்போட, பால் கறக்கப் போகவேண்டியவன் மாட்டைத் தன் அண்ணன்கிட்ட விட்டுட்டு, அவன் போயி அண்ணன் வந்து, எழுந்திரிக்க முடியாதவங்க போன்ல. அக்கா வாசப்படியில உக்காந்துட்டாவ.

முதல் ஆளு ஓஸ்மோ. தொப்பி கையில. வாயைத் திறக்காரு, மூடுதாரு. மூணு நிமிஷம். பின்னால யாரும் அவசரப்படுத்தல.

"கெர்த்து. இது உன் நிலம். நாங்க கேக்கல. இப்ப கேக்கேன். ஏரி இங்க இருக்கலாமா?"

"யோசிக்கேன்," ன்னாவ அக்கா.

அடுத்த ஆளு. "கெர்த்து, இது உன் நிலம். ஏரி இங்க இருக்கலாமா?" "யோசிக்கேன்." அதுக்கடுத்த ஆளு. அதே கேள்வி, அதே பதிலு. ஒருத்தரும் ஒரு வார்த்தை கூடச் சேர்க்கல, நகரத்தைப் பத்திப் பேசல, ஊர் மானம்னு சொல்லல, கெஞ்சல. அப்படிக் கேக்க அவங்க பட்ட பாட்டை நான் பார்த்தேன். வேர்த்து ஊத்துது, கையை எங்க வைக்கன்னு தெரியல, சிலபேரு கேட்டு முடிச்சதும் கொட்டகைச் சுவத்துல சாஞ்சு மூச்சு வாங்குனாவ. எனக்கு இவங்களை நினைச்சு அன்னைக்கு வந்த பெருமை, ஏரி வந்த அன்னைக்குக்கூட வரல.

மத்தியானம் நான் தாவெத்தி அண்ணனைச் சக்கர நாற்காலியில வச்சு வரிசையில நிறுத்துனேன். கூடப் பிறந்தவன்தானே, முன்னால விடுங்கன்னு நான் கேக்கல, அவரும் விரும்பல. ஒண்ணரை மணி நேரம் நின்னு முறை வந்துச்சு. அவருக்கு மிச்சம் இருந்த வார்த்தைகளுக்குள்ள தேடுனாரு.

"கெர்த்து," ன்னாரு. "வயல்... உனக்கு?"

அக்கா எழுந்துபோயி அவரு தலையைத் தன் வயித்தோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாவ. யோசிக்கேன்னுகூடச் சொல்லல. நாங்க எல்லாரும் மரியாதையா வேற பக்கம் திரும்பிக்கிட்டோம்.

இங்க ஜூன்ல இருட்டுறது கிடையாது. மணி பத்தாச்சு, வெயிலு இன்னும் பைன் மரத்து உச்சியில நிக்கு. வரிசையில கடைசி ஆளு நான். புதன்கிழமை கேட்டுட்டேன், ஆனாலும் முறையோட கேக்கணும்னு நின்னேன். எனக்கு முன்னால இன்னும் நாலு பேரு இருக்கும்போது முதுகுல ஜில்லுன்னு காத்துப் பட்டுச்சு. திரும்பிப் பார்க்கேன், எனக்குப் பின்னால, சரியா ரெண்டு மீட்டர் தள்ளி, ஏரி நிக்கு.

வயல்ல இருந்து எழுந்து, சுத்திப் போயி, வரிசைக் கடைசியில வந்து நின்னுருக்கு. அன்னம் ரெண்டும் அதுமேல பேசாம இருந்துச்சு. ஒருத்தரும் ஆச்சரியப்படல. முறைன்னா முறைதான். நான் கேட்டேன், யோசிக்கேன்னாவ, ஒதுங்குனேன். ஏரி முன்னால வந்து, வாசப்படிக்கு ஒரு முழம் தள்ளி, தொடாம நின்னுச்சு.

அக்கா அதைப் பார்க்கல. அதுக்குப் பின்னால தெரிஞ்ச வயலைப் பார்த்தாவ. ஒரு மாசத்துக்குப் பெறகு அப்பத்தான் வயலு தெரிஞ்சுது. பயிரு கறுத்துப்போயி மண்ணோட மண்ணா ஒட்டிக் கிடந்துச்சு. முடிஞ்சது, இனி எந்தப் பொம்பளை சரின்னு சொல்லுவான்னு நினைச்சேன். ஓஸ்மோவும் அதைத்தான் நினைச்சிருக்கணும், தொப்பியை மாட்டிக்கிட்டாரு. இல்லைன்னு சொன்னா இல்லைதான், அதுக்குத்தானே கேட்டோம்.

பெறகு அக்கா ஏரியைப் பார்த்தாவ.

"நீயும் கேக்க வந்தியாக்கும்?"

தண்ணி சரளைக்கல்லுல மெதுவா ஒருக்கா ஏறி இறங்குச்சு.

"சரி. உன்னை யாராவது கேட்டாவளா?"

நாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். நகரத்துக்காரன் எங்களுக்குத்தான் கடிதாசி போட்டான். நாங்க ஃபாரத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கினோம். பம்பு வைக்கலாமான்னும் படித்துறை கட்டலாமான்னும் அதுகிட்ட எவன் கேட்டான்?

"நான் கேக்கேன்," ன்னாவ அக்கா. "உனக்கு எங்க இருக்க இஷ்டம்?"

ஏரி திரும்பிப் போச்சு. வயல் விளிம்புல நின்னுச்சு. அந்த வயல்ல கிழக்குப் பாதி மேடு, நல்ல மண்ணு. மேற்குப் பாதி பள்ளம், எத்தனை குழாய் பதிச்சும் அக்காவால ஜெயிக்க முடியாம வருஷா வருஷம் பயிரு அழுகுற இடம். ஏரி தன்னை ரெண்டு பக்கமும் ஒடுக்கிக்கிட்டு, பெஞ்சுல அடுத்தவங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உக்காருற மாதிரி, மேற்குப் பள்ளத்துல மட்டும் படுத்துச்சு. அகலத்துல விட்டதை ஆழத்துல எடுத்துக்கிடுச்சு. பூமி கொஞ்சம் முனகுச்சு, அவ்வளவுதான். பெறகு கயிறு விட்டு அளந்தப்ப நாப்பத்தொரு மீட்டர். இந்த வட்டாரத்துலயே அவ்வளவு ஆழம் எங்கயும் கிடையாது, யாரு வேணும்னாலும் வந்து அளந்துக்கிடலாம்.

கிழக்குப் பாதி அப்படியே அக்காவுக்கு நின்னுச்சு, மேல ஒரு விரக்கடை புது வண்டலோட. அக்கா இறங்கிப் போயி அந்த மண்ணை ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தாவ. உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாவ.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ரஸ்முஸ் வந்தாரு. இளவட்டம், நல்ல பையன்தான். ஊரு பூரா கரையில நிக்கு, ஆளுக்கு ரெண்டு மீட்டர் தள்ளி. அவரு புது ஏரியைப் பார்த்தாரு, தண்ணி வடிஞ்ச வயலைப் பார்த்தாரு, இது எப்படின்னு மட்டும் கேக்கல, அவரும் இந்த தேசத்து ஆளுதானே. அக்கா அந்தக் காகிதத்தை நாலா மடிச்சு அவரு கையில வச்சாவ.

"கையெழுத்து இல்ல. எல்லாரும் கேட்டாவ, யோசிச்சுட்டேன், இருக்கட்டும். அதுவும் இருக்கேன்னுட்டு."

ரஸ்முஸ் காகிதத்தைப் பையில வச்சுட்டுத் தண்ணியையே பார்த்தாரு. "நான் இதுலதான் நீச்சல் படிச்சேன்," ன்னாரு. "எங்க ஆளுங்க வந்து குளிக்கலாமா?"

"நீ எப்பவும் கேட்டுட்டுத்தானே செய்யுதே," ன்னாவ அக்கா. "வரலாம்."

பெறகு அக்கா தன்னோட முழங்கால் ரப்பர் பூட்ஸைக் கழத்தி ஜோடியாக் கரையில வச்சாவ. வேலைக்குப் போடுற அந்த நீல உடுப்போடவே தண்ணிக்குள்ள இறங்கினாவ. நீச்சல் தெரியாது அவங்களுக்கு. முழங்கால் வரைக்கும் போனாவ, இடுப்பு வரைக்கும் போனாவ, தன் நிலத்துல, அவங்களால ஜெயிக்க முடியாத அந்தப் பள்ளத்துல நின்னுக்கிட்டு எங்க பக்கம் திரும்பினாவ. ஆயிரத்துத் தொளாயிரம் பேரும் மரம் மாதிரி நிக்கோம். அவங்க சொல்லாம ஒரு கால் எடுத்து வைக்க இனி எங்களால முடியாது.

அக்கா முகத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்ல.

"என்ன, பார்த்துக்கிட்டே நிக்கிய?" ன்னாவ. "வாரியளா?"

நான் யூனிஃபார்மோட முதல்ல குதிச்சேன். எனக்குப் பின்னால ஊரு மொத்தமும் தொப்பியோட, செருப்போட, நடுவுல ஒரு அடி இடைவெளிகூட விடாம விழுந்துச்சு.